ஃபஸீலா வைத்த மூன்று புள்ளி

கீழக்கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வந்து சேருவார். அப்படித்தான் குல்சுமுக்கு அவருடைய உம்மா வழியாக வந்த வீடு, குல்சுமின் மூத்த மகள் ஃபஸீலாவுக்கு வந்தது. குல்சுமின் வாப்பா கொழும்புக்குத் தோணியில் சரக்கு அனுப்பியவர். அவர் நாளில் அந்த வீட்டு முன்னறையில் கருவாட்டு மூட்டைகள் உத்தரம் முட்ட அடுக்கியிருக்குமாம். மழைக்காலத்தில் சுவரை முகர்ந்தால் இன்றைக்கும் வாளைக் கருவாடு மணக்கிறது என்று குல்சுமின் தங்கை ஜுனைதா சொல்லுவார். ஃபஸீலாவுக்கு அவர் சித்தி. அவளுக்கு மட்டும் என்ன, தெருவுக்கே சித்தி.

இப்போது அந்த முன்னறையில் மூட்டை இல்லை. ஒரு மேஜை, அதன்மேல் கழுத்தை வளைத்து நிற்கும் விளக்கு, தட்டுத் தட்டாகக் குட்டி டப்பாக்கள். தெருப்பக்கக் கம்பி ஜன்னலுக்கு மேலே 'ஃபஸீலா வாட்ச் சர்வீஸ்' என்று பச்சைப் பலகை. பெண்கள் உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவார்கள். ஆண்கள் ஜன்னல் கம்பி வழியாக வாட்ச்சை நீட்டிவிட்டுத் தெருவிலேயே நிற்பார்கள். யாரும் சொல்லி வைத்ததில்லை, அதுவாக அப்படி அமைந்துவிட்டது. வெயிலிலும் மழையிலும் நிற்கிறார்களே என்று, ஃபஸீலாவின் மாப்பிள்ளை ஸுஹைர் போன தடவை துபாயிலிருந்து லீவில் வந்தபோது ஜன்னலுக்கு மேல் ஒரு தகரத்தை இறக்கி அடித்துவிட்டுப் போனார்.

அவள் இந்த வேலைக்கு வந்தது சார்ஜாவில். கல்யாணமான புதிதில் ஸுஹைர் அங்கே ஒரு வாட்ச் கடையில் விற்பனைக்கு நின்றார். மதியச் சோறு கொண்டுபோகும் ஃபஸீலா, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பின்னறை வாசலில் நின்று, உள்ளே பழுதுபார்க்கிறவர்களின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அங்கே ஒரு திருகாணி கீழே விழுந்து, நாலு பேர் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இவள் வாசலில் நின்றபடியே, "அந்தா, மேஜைக் காலுக்கு அங்கிட்டு" என்றாள். கடுகில் பாதி இருக்கும் அந்தத் திருகாணி. அங்கே தலைமையாக இருந்த மலையாளத்துக்காரர் அன்றைக்கே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இவளை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவள், குல்சும் படுக்கையில் விழுந்த செய்தி வந்து ஊர் திரும்பும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்த அறையில் ஒரு பழக்கம் இருந்தது. வாட்ச்சைப் பிரித்து வேலைபார்த்தவர், பின்மூடியின் உள்பக்கத்தில் கூரான ஊசியால் தன் அடையாளத்தைக் கீறி வைப்பார். வெளியே தெரியாது. இன்னொரு நாள் இன்னொருவர் திறந்தால் தெரியும். இந்த வேலைக்கு நான் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். ஆளுக்கொரு எழுத்து. ஃபஸீலா தன் பெயரின் முதலெழுத்தை எடுத்துக்கொண்டாள். மூன்று புள்ளி, ஃ. ஊசியால் மூன்று குத்து, முடிந்தது. ஆனால் எல்லா வாட்ச்சிலும் குத்தமாட்டாள். பேட்டரி மாற்றினால் கிடையாது. பட்டை மாற்றினால் கிடையாது. நாளைக்கு இது நின்றுபோனால் என் முகத்துக்கு நேரே வந்து கேளுங்கள் என்று சொல்லத் துணிந்தால்தான் புள்ளி. கீழக்கரையிலிருந்து ஏர்வாடி வரைக்கும் பெண்கள் மத்தியில் இது பேச்சாகிப் போயிருந்தது. "புள்ளி வெச்சுக் குடுத்தாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாட்ச்சை வாங்குவார்கள்.

சங்குக் காலம் தொடங்கக் கொஞ்ச நாள் இருந்த ஒரு காலையில் மாரிச்செல்வம் ஜன்னலுக்கு வந்தான். அவன் பெண்டாட்டி கலைச்செல்வி உள்ளே வந்து உட்கார்ந்தாள். மாரிச்செல்வம் சங்கு குளிக்கிறவன். வள்ளத்திலிருந்து வரும் காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலடிக்குப் போய், மணலைத் தடவிச் சங்கு எடுத்து வருகிறவன். அவன் நீட்டிய வாட்ச் கனமான ஸ்டீல் வாட்ச், கறுப்பு முகம். எண்களைச் சுற்றி ஒரு வளையம். அதைத் திருப்பினால் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். கடலில் இறங்கும்போது வளையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால், முள் அந்தக் குறிக்கு வரும்போது மேலே ஏறிவிட வேண்டும். நேரம் மீறினால் கைகால் விளங்காமல் போகும்.

ஃபஸீலா அதைத் திருப்பிப் பார்த்தாள். முள்ளைத் திருப்பும் சாவி இருக்கவேண்டிய பக்கத்தில் சாவி இல்லை. பழுப்பு நிறத்தில் ஏதோ உருண்டு திரண்டு கல்லாக இறுகிக் கிடந்தது.

"என்ன இது?"

"ஃபைபர் பசைக்கா. வள்ளத்துல அடிபட்டுச் சாவி தெறிச்சுருச்சு. தண்ணி போயிருமேன்னு ஓட்டைய அடைச்சேன்."

சித்தி எட்டிப் பார்த்தார். "ஏலே மாரி, இது வாட்ச்சா, வள்ளமா?"

"வள்ளத்துல ஓட்ட விழுந்தா இதுலதான சித்தி அடைக்கிறோம்? அது நிக்கிது."

"நின்னுச்சு," என்றாள் கலைச்செல்வி. "வாட்ச்சும் நின்னுச்சு." அவள் ஃபஸீலாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கடலுக்கடியில இது நின்னு போனது இவருக்குத் தெரியலக்கா. நின்ன முள்ளப் பாத்துக்கிட்டு, இன்னும் நேரம் கெடக்கு, இன்னும் நேரம் கெடக்குன்னு அங்கனயே இருந்துட்டாரு. மேல தூக்குனப்ப இடது காலு இவரு காலே இல்ல. பொங்கல் வரைக்கும் செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடந்தாரு."

"இப்ப ஓடுறேன்ல?"

"நீங்க பேசாதீக."

"புதுசா ஒண்ணு வாங்குனா என்ன?" என்று சித்தி கேட்டார்.

"வாங்குனேன் சித்தி. ரப்பர் பட்ட போட்டது. மொத நாளே கண்ணாடிக்குள்ள பனி கட்டி, சோத்துப்பானை மூடி கணக்கா ஆயிருச்சு. கலங்கல் தண்ணியில எழுத்தே தெரியல. இந்த வாட்ச்சு முள்ளு இருட்டுல பூன கண்ணு மாதிரி மின்னும். எனக்கு இதான் பழக்கம்."

கலைச்செல்வி ஒரே விஷயத்தைத்தான் சொல்ல வந்திருந்தாள். சொன்னாள். "எங்க நாத்தனாரு உங்க புள்ளியப் பத்திச் சொன்னாகக்கா. இதச் சரிபண்ணி, தண்ணி போகாதுன்னு அந்தப் புள்ளிய வெச்சுக் குடுங்க. நான் இவரக் கடலுக்கு விடுறேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லீருங்க. வாலிநோக்கத்துல எங்க அண்ணன் மூக்கையா உப்பளத்துல இருக்காரு. இவரு அங்கன போயி உப்பு வாரட்டும்."

"உப்பு வாருனா காலு கொப்பளிக்கும்டி."

"கொப்பளிச்சாலும் அது காலாத்தான இருக்கும்?"

மாரிச்செல்வம் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். பத்து வயதிலிருந்து கடலில் கிடந்தவன் அவன். உப்பளத்தின் பெயரைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கை ஃபஸீலா பார்த்தாள். கலைச்செல்வியின் முகத்தையும் பார்த்தாள். ஒருவருக்குக் கடல் வேண்டும், இன்னொருவருக்கு ஆள் வேண்டும். நடுவில் இருப்பது, நெல்மணி அளவில் ஒரு ஓட்டை.

"பாக்குறேன்" என்றாள். வைக்கிறேன் என்று சொல்லவில்லை.

காய்ச்சிய ஊசியால் பசையைப் பொடிப்பொடியாகக் கிளறி எடுத்தாள். உள்ளே இயந்திரத்தில் உப்பு பூத்திருந்தது. அதைக் கழுவி, துருவேறிய துண்டுகளை மாற்றி, எண்ணெய் வைத்து ஓடவிட்டாள். அது அவளுக்குப் பெரிய காரியமில்லை. பெரிய காரியம் வெளியே இருந்தது. இந்த மாதிரிக் கடல் வாட்ச்சில், கேஸின், அதாவது வெளிக்கூட்டின், பக்கவாட்டு ஓட்டையில் ஒரு சின்னக் குழாய் மரை போட்டு முறுக்கியிருக்கும். டியூப் என்பார்கள். சாவியை அந்த டியூப்பின் மேல் திருகி மூடினால்தான் தண்ணீர் உள்ளே போகாது. சாவி தெறித்தபோது டியூப்பும் மரையோடு பிய்த்துக்கொண்டு போயிருந்தது. புது டியூப் வேண்டும்.

ஸுஹைர் துபாயில் தேடி அலைந்து டியூப்புகளும் புதுச் சாவியும் வாங்கி, ஊருக்கு வந்த வாவு முகம்மது மாமா கையில் கொடுத்தனுப்பினார். வாவு முகம்மது குல்சுமுக்குப் பெரியம்மா மகன். யார் ஊருக்கு வந்தாலும் நாலு பேர் சாமான் அவர்கள் பெட்டியில் ஏறிவிடும், அதுவும் கீழக்கரையின் வழக்கம்தான். ஃபஸீலா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று ஓட்டைக்குள் சும்மா லொடலொடவென்று ஆடியது. ஒன்று வாசலிலேயே நின்றுவிட்டது. இன்னொன்றின் வெளிமுனையில் புதுச் சாவி அழகாகத் திருகி உட்கார்ந்தது. ஆனால் கேஸுக்குள் போகிற முனை, இரண்டு சுற்றுப் போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. கேஸின் மரை அகலம், டியூப்பின் மரை நெருக்கம். சீப்புக்கும் பேன் வாரும் ஈருளிக்கும் உள்ள வித்தியாசம். மேலே முறுக்கினால் இரண்டில் ஒன்று நாசம்.

"மரை கழண்டவனுக்கு மரை சேராத வாட்ச்சு," என்றார் சித்தி.

சாயங்காலம் ஸுஹைர் வீடியோவில் வந்தார். இவள் போனில் டியூப்பைக் காட்டினாள்.

"பசை போட்டு ஒட்டிரு புள்ள. அதுக்குன்னே உள்ள பசை. இங்கன முக்காவாசிப் பேரு அதத்தான் பண்றாக."

"சாவியத் தொறந்து மூடுற ஒவ்வொரு தடவையும் டியூப்பையும் சேத்துத்தான முறுக்குவாரு? என்னைக்காவது விட்டுரும்ல?"

"விட்டுருக்கலாம், விடாமயும் இருக்கலாம்."

"அப்பப் புள்ளி?"

"புள்ளி வெக்காத."

"வெக்கலைன்னா அந்தப் புள்ள அவன விடமாட்டா."

"அப்ப வெச்சுரு."

"ஒட்டிட்டு வெக்கச் சொல்றீகளா?"

துபாயில் ஸுஹைர் தலையைச் சொறிந்தார். "நான் ஒண்ணுஞ் சொல்லல தாயே. உன் புள்ளி, உன் பாடு."

அன்றைக்கு அவள் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய மரையும் உப்பு தின்று பாதி போய்விட்டது. ஓட்டையை இன்னும் கொஞ்சம் அகலமாக்கிப் புதிதாக மரை வெட்டத்தான் வேண்டும். அகலமாக்கினால் டியூப் ஆடும். அப்படியானால் நடுவில் ஒன்று வேண்டும். ஒரு வளையம். வெளிப்பக்கம் கேஸுக்கு ஏற்ற மரை, உள்பக்கம் டியூப்புக்கு ஏற்ற மரை. ஒத்துப்போகாத இரண்டு பேருக்கு நடுவில் இரண்டு பேரிடமும் பேசத் தெரிந்த ஒருத்தி மாதிரி. அந்த வளையத்தை எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள், கடைந்து எடுக்க வேண்டும். இந்தக் கரையில் அதற்குப் பேர் புஷ். வள்ளத்து எஞ்சினில் எது தேய்ந்தாலும் ஓட்டையை அகலமாக்கிப் புஷ் போடுவார்கள். போடுகிறவன் இமானுவேல். பாம்பனிலிருந்து வந்து கீழக்கரைக் கடற்கரைச் சாலையில் லேத் பட்டறை போட்டவன்.

மறுநாள் சித்தியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனாள். இமானுவேலின் உள்ளங்கையில் கேஸை வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

அவன் சிரித்தான். "யக்கா, நான் போடுற புஷ்ஷுக்குள்ள உங்க கையி நுழையும். இது எறும்புக்கு வளையல்."

"எறும்புக்குப் போடத் தெரியாதா உனக்கு?"

"தெரியாதுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

புரப்பெல்லர் தண்டு வெட்டியதில் மிஞ்சிய துருப்பிடிக்காத ஸ்டீல் துண்டு ஒன்றை எடுத்து லேத்தில் மாட்டினான். முதல் வளையம் வெட்டுகிறபோதே நசுங்கியது. அடுத்தது அழகாக வந்தது, வந்த வேகத்தில் துள்ளித் தரையில் விழுந்து காணாமல் போனது. இமானுவேல் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையெல்லாம் தடவினான். இரும்புத் தூளெல்லாம் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது, வளையம் மட்டும் வரவில்லை.

"இந்த ஸ்டீலு காந்தத்துக்கு வராதுப்பா" என்றாள் ஃபஸீலா.

"தெரியும்க்கா. ஒரு நப்பாசை."

அப்புறம் லேத்துக்குக் கீழே ஈரச் சாக்கை விரித்துவிட்டு வெட்டினான். வெளிமரையோடு வந்த வளையத்தை ஃபஸீலா கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தாள். சுத்தமான வேலை. வீட்டுக்கு வந்து, சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த மரை வெட்டும் கருவியால் அதன் உள்பக்கத்தில் டியூப்புக்கு மரை வெட்டினாள். கேஸிலும் புது மரை வெட்டினாள். பிஸ்மி சொல்லி முறுக்கினாள். கேஸுக்குள் புஷ், புஷ்ஷுக்குள் டியூப், டியூப்பின் மேல் சாவி. பட்டுத்துணியை இழுப்பது போலத் திருகிக்கொண்டு போய் நின்றது.

"வையி புள்ளிய," என்றார் சித்தி.

"இருங்க சித்தி."

சார்ஜாவில் தண்ணீர்ச் சோதனைக்கு ஒரு இயந்திரம் உண்டு. இங்கே இல்லை. ஃபஸீலா தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். கடற்கரை ஊரில் சுட்ட அப்பளத்துக்கு ஆயுசு கொஞ்சம். தட்டில் வைத்துவிட்டு வாசல்வரை போய்வந்தால் துணி மாதிரித் துவண்டுவிடும். காற்றின் ஈரமே போதும் அதற்கு. அதனால் வாட்ச்சிலிருந்து இயந்திரத்தை வெளியே எடுத்துவிடுவாள். வெறும் கேஸுக்குள் சுட்ட அப்பளத்தில் ஒரு பொட்டுக் கிள்ளிப் போட்டு, பின்மூடியையும் சாவியையும் இறுக்கித் தண்ணீரில் போடுவாள். எடுத்துத் திறக்கும்போது அப்பளம் நொறுங்கினால் சரி. துவண்டிருந்தால் எங்கேயோ வழி இருக்கிறது.

மற்ற வாட்ச்சுக்கெல்லாம் வாளித் தண்ணீர் போதும். இதற்குப் போதாது. மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டு அப்பளத்தோடு கேஸைக் கையில் கொடுத்தாள். சங்கு குளிக்கத்தான் அவனுக்குத் தடை, வள்ளத்தில் போய் நண்டு வலை வைக்கத் தடையில்லை. அவன் அதை வலையின் ஈயக் குண்டோடு சேர்த்துக் கட்டி, ஏழெட்டுப் பாகம், நாற்பதடிக்கு மேல், ஆழத்தில் இறக்கிவிட்டு வந்தான். மறுநாள் வலை தூக்கியதும் நேராக ஜன்னலுக்கு வந்தான். கூடவே கலைச்செல்வியும் வந்தாள்.

ஃபஸீலா துடைத்துவிட்டுத் திறந்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. மாரிச்செல்வம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவள் அப்பளத்தை ட்வீசரால் தூக்கினாள். வாடிய வெற்றிலை மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது.

"தண்ணியே இல்லியேக்கா," என்றான் அவன். "லேசா ஈரம். அவ்வளவுதான?"

கலைச்செல்வி சித்தியிடம், "வாலிநோக்கத்துக்கு அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்கு சித்தி?" என்று கேட்டாள்.

"நீ உக்காருடி," என்றாள் ஃபஸீலா.

கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, மூடிய கேஸை அதற்குள் இறக்கினாள். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் வெளியே வரப் பார்க்கும், வருகிற இடம் குமிழியாகத் தெரியும். சாவியில் வரவில்லை. பின்மூடியில் வரவில்லை. அவள் மரை வெட்டிய உள்பக்கத்தில் வரவில்லை. புஷ்ஷும் கேஸும் சேருகிற கோட்டில், குண்டூசித் தலையளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகக் கிளம்பி வந்தன.

கழற்றி லென்ஸில் வைத்துப் பார்த்தாள். புஷ்ஷின் வெளிமரை முழுவதும் மயிரிழை அளவு ஒல்லி. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்றால் கை தவறியது என்று சொல்லலாம். இது சுற்றிலும் ஒரே சீராக இருந்தது. வேண்டுமென்றே விட்டது போல. இமானுவேல் ஏன் வேண்டுமென்று விடப்போகிறான்? அதை யோசித்துக்கொண்டே மறுபடி லேத்துக்குப் போனாள். குறை சொல்லவில்லை. வேறு ஒன்றைக் கேட்டாள்.

"இமானுவேல், வள்ளத்துக்குப் புஷ் போடும்போது எம்புட்டு இறுக்கமாப் போடுவ?"

"இறுக்கமாவா?" அவன் இவளை விநோதமாகப் பார்த்தான். "இறுக்கமாப் போட்டா தண்டு சூடேறி நாசமாப் போயிரும்க்கா. லேசா விட்டுப் போடணும். ஓடும்போது சொட்டுச் சொட்டா கடல்தண்ணி உள்ள வரணும், அதுதான் தண்டக் குளுமையா வெச்சுக்கிரும். அதுபோக, உப்புத்தண்ணிக்குப் போற மரை எல்லாமே ஒரு இழை விட்டுத்தான் வெட்டுவோம். இல்லாட்டி உப்பு கட்டிப் புடிச்சுக்கிரும், அப்புறம் எவனாலயும் கழட்ட..."

அவன் நிறுத்தினான். ஃபஸீலாவின் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான்.

"இதுலயும் விட்டுருக்கேனாக்கா?"

"அளவா விட்டுருக்க. ஒரு இழை."

"யேசுவே! நான் நெனச்சுச் செய்யலக்கா. கையி பாட்டுக்கு விட்டுருச்சு."

"வள்ளத்துல தண்ணி வந்தா எறச்சு ஊத்தலாம். இதுக்குள்ள யாருப்பா எறங்கி எறைக்கிறது?"

லேத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். இமானுவேலும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது. வேறு ஸ்டீல் துண்டை மாட்டினான். இந்தத் தடவை ஃபஸீலா இன்னொன்றும் கேட்டாள்: புஷ்ஷின் தலையில் ஒரு சின்ன விளிம்பு வேண்டும், டம்ளருக்கு இருப்பது போல. மரை இறுகியபின் அந்த விளிம்பு கேஸின் மேல் படிந்து உட்கார வேண்டும். அதற்கு அடியில் அவள் ரப்பர் வாஷர் போட்டுக்கொள்வாள். மரையை மட்டும் நம்பக் கூடாது என்பது அவளுக்கும் அப்பளம் துவண்டபிறகுதான் உறைத்தது.

வெட்டுவது இமானுவேலுக்கு முன்பைவிடச் சிரமமாக இருந்தது. அளவை நெருங்கும்போதெல்லாம் அவன் கை பழக்கத்தில் இன்னும் ஒரு இழை சீவப் போகும்.

"விடாத," என்பாள் ஃபஸீலா.

"விடலக்கா."

"விடப் போற. கையத் தள்ளு."

"யக்கா, நீங்க எங்க வீட்டுக்காரிய விட மோசம்."

இரண்டு வளையம் மெலிந்து குப்பைக்குப் போயின. மூன்றாவதைக் கேஸில் வைத்தபோது கையால் போகவில்லை. கருவி வைத்துத்தான் முறுக்க முடிந்தது. கடைசிச் சுற்றில் விளிம்பு வாஷரின் மேல் உட்கார்ந்ததை அவள் விரல் உணர்ந்தது. கண்ணால் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுபடி அப்பளம். மறுபடி ஈயக் குண்டு. மறுபடி நண்டு வலை.

அன்றைக்கு வலை தூக்கி வந்தபோது ஜன்னலுக்கு வெளியே மாரிச்செல்வத்தோடு இமானுவேலும் நின்றான். லேத்தைப் பூட்டிவிட்டே வந்துவிட்டான். உள்ளே கலைச்செல்வி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சித்தி தன் பங்குக்கு ஓதிக்கொண்டிருந்தார்.

ஃபஸீலா பின்மூடியைத் திறந்தாள். மேஜைமேல் வெள்ளைக் காகிதம் விரித்திருந்தது. கேஸை அதன்மேல் கவிழ்த்தாள். அப்பளம் காகிதத்தில் விழுந்து 'டொக்' என்று ஒரு குட்டிச் சத்தம் போட்டது.

"இருங்கக்கா," என்று கலைச்செல்வி எழுந்தாள். அந்தப் பொட்டு அப்பளத்தை விரலால் எடுத்தாள். கோயில் பிரசாதம் வாங்கிக்கொள்கிறவள் மாதிரி பயபக்தியோடு வாயில் போட்டுக் கடித்தாள்.

நொறுங்கியது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"என்னடி, கல்யாணப் பந்தியில கூட இந்தச் சத்தம் வராது!" என்றார் சித்தி.

கலைச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "உப்பு கொஞ்சம் தூக்கல் சித்தி."

"அப்பளத்து உப்புடி அது. கடல் உப்பு இல்ல."

ஃபஸீலா இயந்திரத்தை உள்ளே வைத்து, முள்ளை மணிக்குத் திருப்பி, ஓடுகிறதா என்று காதில் வைத்துக் கேட்டாள். பின்மூடியை மல்லாக்கப் போட்டாள். ஊசியை எடுத்தாள். எவ்வளவோ வாட்ச்சில் குத்தியிருக்கிறாள். ஒன்றில்கூட, குத்துவதற்கு முன்னால் இப்படி ஒரு ஆளின் மூச்சு கண்முன் வந்து நின்றதில்லை. மனசுக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்: கண்ணாடி, பின்மூடி, சாவி, டியூப், புஷ், விளிம்பு, வாஷர். எதிலும் மனசு இடறவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

கலைச்செல்வி மூடியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் போல மூன்றையும் விரலால் தடவினாள்.

வெளியிலிருந்து இமானுவேல் கம்பி வழியாக மூக்கை நீட்டினான். "யக்கா, அதுல ஒரு புள்ளியாவது என்னோடதுதான?"

"மூணும் என்னோடது," என்றாள் ஃபஸீலா. "கசிஞ்சா ஏச்சு எனக்குத்தான. உனக்கு வேணும்னா புஷ்ஷுல குத்திருக்கணும்."

"எறும்பு வளையல்ல எங்கிட்டுக்கா எடம்?"

மூடியை இறுக்கியபின் வாட்ச்சை ஃபஸீலா ஜன்னல் பக்கம் நீட்டவில்லை. கலைச்செல்வியின் கையில்தான் கொடுத்தாள். கலைச்செல்வி தெருவுக்குப் போய், எல்லாரும் பார்க்க, புருஷன் கையில் அதைக் கட்டிவிட்டாள். பட்டையை ஒரு ஓட்டை அதிகமாகவே இறுக்கினாள்.

"வலிக்குதுடி."

"வலிக்கட்டும். முள்ளு சொன்னா ஏறிறணும். கேட்டுச்சா?"

சங்குக் காலம் தொடங்கிய முதல்நாள் ஃபஸீலா வேலையில்தான் இருந்தாள். யாருடைய கல்யாண வாட்ச்சையோ பிரித்து வைத்திருந்தாள், மாலைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டியது. ஆனால் தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் லென்ஸைக் கழற்றிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "நீ வாட்ச்சப் பாரு, ஜன்னல நான் பாத்துக்கிறேன்" என்று சித்தி ஏசினார். ஏசிய சித்திதான் அன்றைக்கு வாசலை விட்டு நகரவே இல்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிக்கிற நேரத்தில் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை நுழைந்தது. உப்புப் படிந்து, விரலெல்லாம் ஊறிச் சுருங்கிய கை. மணிக்கட்டில் அந்த வாட்ச். கண்ணாடிக்குள் ஒரு துளிப் பனி இல்லை. முள் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சொன்னுச்சுக்கா," என்றான் மாரிச்செல்வம். "சொன்னதும் ஏறிட்டேன். கீழ இன்னும் சங்கு கெடந்துச்சு. தெரிஞ்சும் விட்டுட்டு ஏறிட்டேன்."

ஃபஸீலா அந்தக் கையைப் பிடித்து விளக்கடிக்கு இழுத்தாள். சாவியைத் தொட்டுப் பார்த்தாள், இறுக்கமாக இருந்தது. அவன் காலையும் பார்க்க வேண்டும் போலிருந்தது, ஜன்னலில் கால் தெரியாது.

"ரெண்டு காலும் நல்லாருக்கா?"

"குதிச்சுக் காட்டவாக்கா?"

"வேணாம்டா, தகரம் விழுந்துரும்!" என்று சித்தி கத்துவதற்குள் அவன் தெருவில் குதித்தே காட்டிவிட்டான். அடுத்த வீட்டு ஜன்னல்கள் திறந்தன. என்ன சத்தம் என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க ஃபஸீலா புள்ளி வெச்ச வாட்ச்சு," என்றார் சித்தி, தெருவுக்கே கேட்கும்படி. "கடலுக்குப் போயிட்டு வந்துருக்கு."